மெய்யும் போலியும்: பழைய மின்கிற்றார் ஒன்றின் சாட்சியம்

ஏட்டுச்சுவடி ஒன்றைக் கையில் எடுத்ததும் பதிப்பாசிரியன் மனத்தில் எழும் கேள்வி ஒன்றுண்டு. இதில் எது பழையது, எது பின்னால் வந்து சேர்ந்தது என்பதே அது. சிறுப்பிட்டி தந்த சி.வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1887ஆம் ஆண்டிலே கலித்தொகையை அச்சேற்றிய காலத்திலும் அதற்குப் பின்னரும் நமது பதிப்பாசிரியர்கள் இக்கேள்வியோடு மல்லாடியதை இலக்கிய மாணவர் நன்கறிவர். பாடபேதம், இடைச்செருகல், மூலபாடம் என்னும் சொற்கள் யாவும் அந்த மல்லாட்டத்தில் புழங்கியவையே.

இன்று அதே கேள்வியை ஓலையிடம் கேளாது ஒரு வாத்தியத்திடம் கேட்டுப் பார்ப்போம். நமது நாட்டுப் பொப் இசைக் குழுக்கள் வாயிலாக நம்மவர் காதுக்கும் பழகிப்போன மின்கிற்றாரே அவ்வாத்தியம். பிறந்து நூறாண்டு கூட நிறையாத இப்பொருளுக்கு, ஏட்டாராய்ச்சிக்கு ஒப்பான நுணுக்கத்துடன் மெய்யும் போலியும் பிரிக்கும் ஒரு கலை மேல்நாட்டிலே வளர்ந்திருக்கிறது. பாவித்த பழைய கிற்றார் ஒன்று உண்மையில் அது சொல்லும் வயதினதுதானா, அதன் உறுப்புக்கள் எல்லாம் உடன்பிறந்தவைதானா என்று தீர்ப்புக் கூறும் கலை அது.

இதற்கு இத்தனை சிரமம் எதற்கு என்று கேட்கலாம். விடை விலையிலே இருக்கிறது. 1954ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் பென்டர் நிறுவனம் ஸ்ராற்றோகாஸ்ரர் என்னும் மின்கிற்றாரை வெளியிட்டபோது அதன் விலை 249 டொலர் 50 சதம். கிப்சன் நிறுவனம் 1958 முதல் 1960 வரை செய்த லெஸ் போல் என்னும் செம்மஞ்சட் கிற்றாரும் ஏறக்குறைய அதே விலையில்தான் விற்கப்பட்டது. இன்றோ மாற்றம் எதுவுமின்றிக் கிடைக்கும் 1959ஆம் ஆண்டு லெஸ் போல் ஒன்று இலட்சக்கணக்கான டொலருக்குக் கைமாறுகிறது. பணம் குவியும் இடத்திற்குப் போலியும் வந்து சேரும் என்பது உலக வழக்கு. செப்பேட்டுக்கும் நாணயத்துக்கும் நேர்ந்ததே கிற்றாருக்கும் நேர்ந்தது.

வாத்தியத்தின் வரலாற்றைச் சற்று நோக்குவோம். 1930களின் தொடக்கத்திலே கலிபோர்னியாவில் ஜோர்ஜ் போஷம் என்பவரும் அடொல்ப் றிக்கன்பக்கர் என்பவரும் சேர்ந்து உருவாக்கிய மின்கிற்றார், அதன் வடிவம் காரணமாகப் ‘பொரிக்கும் சட்டி’ என்று கேலிப்பெயர் பெற்றது. அதற்கான ஆக்கவுரிமை 1937இல் கிடைத்தது. இரும்புத் தந்தி அதிரும்போது அருகிலுள்ள காந்தப்புலம் அசைகிறது. காந்தத்தைச் சுற்றியுள்ள மெல்லிய செப்புக்கம்பிச் சுருளில் அது மின்னோட்டமாக மாறுகிறது. அம்மின்னோட்டம் பெருக்கப்பட்டு ஒலியாகிறது. இச்சுருளையே பிக்கப் என்பர். ஆயிரக்கணக்கான சுற்றுக்கள் கொண்ட அச்சுருள்தான் இவ்வாத்தியத்தின் தொண்டை.

லியோ பென்டர் (1909 – 1991) ஒரு வானொலி திருத்துநர். 1938இலே கலிபோர்னியாவின் புலர்ரன் ஊரில் வானொலி திருத்தும் கடை திறந்தவர். அவருக்குக் கிற்றார் வாசிக்கவே தெரியாது. ஆனால் பழுது பார்க்கும் தொழிலாளியின் கண் அவரிடமிருந்தது. வானொலிப் பெட்டியிலே கெட்டுப்போன உறுப்பைக் கழற்றி வேறொன்று பூட்டுவதுபோலக் கிற்றாரிலும் செய்யமுடியுமாயின் எவ்வளவு நன்று என்று அவர் எண்ணியிருக்கவேண்டும். அவர் செய்த கிற்றாரின் கழுத்து, பரம்பரை முறைப்படி உடலோடு வச்சிரம் போட்டு ஒட்டப்படவில்லை; நான்கு திருகாணிகளால் முடுக்கப்பட்டது. உடற்பலகை ஓரிடத்தில், கழுத்து ஓரிடத்தில், மின்னுறுப்புக்கள் வேறோரிடத்தில் என்று தயாராகி, ஈற்றில் ஒன்றுசேர்ந்தன.

இந்த எளிமையே அவரது மேதைமை. பின்வந்த குழப்பத்திற்கு வித்தும் அதுவே. நான்கு திருகாணிகளைக் கழற்றினால் 1955ஆம் ஆண்டுக் கழுத்தை 1972ஆம் ஆண்டு உடலிலே பூட்டிவிடலாம். இவ்வாறு அரைவாசி பழையதாகவும் அரைவாசி புதியதாகவும் பிறந்த கிற்றார்கள் உலகெங்கும் உள்ளன. அவற்றிற் பல ஏமாற்றும் நோக்கோடு செய்யப்பட்டவையல்ல. கழுத்து வளைந்துபோன ஓர் ஏழைக் கலைஞன், அடுத்த கச்சேரிக்காகக் கிடைத்த கழுத்தைப் பூட்டியிருப்பான். அவன் மறைந்தபின் அதனை வாங்கி விற்பவனே ‘எல்லாம் அசல்’ என்று வாய்கூசாமற் சொல்கிறான்.

சரி, பெயர் பொறித்திருக்கிறதே, அதைப் பார்த்து அறியலாகாதா? இங்கேதான் இக்கலையின் முதற் பாடம் தொடங்குகிறது. பெயரும் இலக்கமுமே எல்லாவற்றிலும் பலவீனமான சாட்சிகள்.

பென்டர் 1950இல் வெளியிட்ட கிற்றார்களுள் ஒன்றுக்கு ‘புரோட்காஸ்ரர்’ என்று பெயர். ஏறத்தாழ அதே பெயரில் மேளங்களை விற்றுவந்த கிறெற்ச் நிறுவனம் 1951இன் தொடக்கத்தில் ஆட்சேபம் தெரிவித்தது. பென்டர் தொழிற்சாலையில் வீண்செலவு பிடிக்காது. ஏற்கெனவே அச்சிட்டு வைத்திருந்த பெயர்ச்சீட்டுக்களிலே வாத்தியத்தின் பெயரைக் கத்தரித்து எறிந்துவிட்டு, எஞ்சிய ‘பென்டர்’ என்ற சொல்லை மட்டும் ஒட்டி அனுப்பினார்கள். பின்னரே ‘ரெலிகாஸ்ரர்’ என்ற பெயர் வந்தது. இடைப்பட்ட சில மாதங்களிற் பிறந்த பெயரிலிகளை இன்று சேகரிப்போர் ‘நோகாஸ்ரர்’ என்று அழைத்துப் பெருவிலை கொடுக்கிறார்கள். பெயர் இல்லாமையே பெருமையாகிவிட்டது. ஆனால் இல்லாத பெயரை ‘உண்டாக்குவது’ எத்துணை எளிது என்பதைச் சிந்தித்துப் பாருங்கள். ஒரு சிறு கத்தி போதும்.

இலக்கத்தின் கதையும் இத்தகையதே. பிங் புளொய்ட் குழுவின் டேவிட் கில்மர் வைத்திருந்த ஸ்ராற்றோகாஸ்ரர் ஒன்றின் தொடர் இலக்கம் 0001. 2019இலே நியூயோர்க்கில் கிறிஸ்ரி ஏலத்தில் அது 18 இலட்சத்து 15 ஆயிரம் டொலருக்கு விலைபோயிற்று. 0001 என்றால் முதற் பிள்ளை என்றே எவரும் கொள்வர். அதுவன்று உண்மை. அதற்கு முன்னரே ஸ்ராற்றோகாஸ்ரர்கள் செய்யப்பட்டுவிட்டன. இலக்கத் தகடுகள் பெட்டியிலே குவிந்து கிடந்தன. தொழிலாளியின் கைக்கு எது அகப்பட்டதோ அது பூட்டப்பட்டது. பென்டர் இலக்கங்கள் ஆண்டைத் தோராயமாகவே சொல்லும். அது மட்டுமன்று, இலக்கம் பொறித்த தகட்டையும் திருகாணி கழற்றி வேறொரு கிற்றாருக்கு மாற்றிவிடலாம்.

கிப்சனிலோ உண்மையே பொய் சொல்லும் விந்தையைக் காண்கிறோம். அந்நிறுவனத்தின் சேத் லவர் என்பவர், மின்னிரைச்சலை நீக்குவதற்கு இரண்டு சுருள்களை எதிரெதிராக இணைத்து ஒரு பிக்கப்பை உருவாக்கினார். 1955இல் ஆக்கவுரிமைக்கு விண்ணப்பித்தார்கள். 1959இல் அது கிடைத்தது. இடைக்காலத்துப் பிக்கப்புக்களின் அடியில் ‘ஆக்கவுரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டுள்ளது’ என்று ஆங்கிலத்தில் ஒரு சிறு சீட்டு ஒட்டப்பட்டது. பின்னர் வந்த சீட்டில் ஆக்கவுரிமை இலக்கம் அச்சாயிற்று. ஆனால் அந்த 2,737,842 என்ற இலக்கம் பிக்கப்புக்கு உரியதன்று. அது கிற்றார் கலைஞர் லெஸ் போல் பெற்ற, தந்திதாங்கி ஒன்றிற்கான ஆக்கவுரிமை இலக்கம்! எனவே, சரியான இலக்கத்தை அச்சிட்டு ஒட்டிய ‘அக்காலப்’ பிக்கப் ஒன்றைக் கண்டால் ஐயுறவேண்டும். தவறான இலக்கம் இருந்தால் ஆறுதலடையலாம். எழுத்துப் பிழையைத் திருத்திவிட்ட சுவடியைப் பார்த்து ஆராய்ச்சியாளன் முகஞ்சுளிப்பது இதனாற்றான். மூலத்தின் தவறும் மூலத்தின் பகுதியே.

எந்தக் காலத்துக் கிற்றாரைத் தேடி இத்தனை ஆராய்ச்சி என்பதையும் சொல்லவேண்டும். 1965 ஜனவரியில் லியோ பென்டர் தமது நிறுவனத்தை சி.பி.எஸ். என்னும் பெரும் ஒலிபரப்புக் கம்பனிக்கு 130 இலட்சம் டொலருக்கு விற்றார். அதன் பின் தரம் குன்றியது என்ற கருத்து இசைஞரிடையே வேரூன்றியது. ‘சி.பி.எஸ்.ஸுக்கு முந்தியது’ என்பதே ஒரு தரச்சான்றாயிற்று. கிப்சன் கதை வேறு. 1952இல் பொன்னிறத்தோடு பிறந்த லெஸ் போல் கிற்றார் 1957இல் புதிய பிக்கப்பையும் 1958இல் செம்மஞ்சள் நிறத்தையும் பெற்றது. வாங்குவார் குறைவாக இருந்தமையால் 1960க்குப் பின் அவ்வடிவம் கைவிடப்பட்டது. செம்மஞ்சளில் வந்தவை ஏறக்குறைய 1,500 மாத்திரமே என்று கணிப்பர். 1966இலே ஜோன் மயோலின் இசைத்தட்டில் எரிக் கிளப்ரன் அத்தகைய கிற்றாரை வாசித்தபின் எல்லோருக்கும் அது வேண்டியதாயிற்று. 1968இல் கிப்சன் லெஸ் போலை மீண்டும் செய்யத் தொடங்கியது. ஆனால் பழையதன்மீது எழுந்த தாகம் புதியதால் தணியவில்லை. வேண்டாதபோது செய்து, வேண்டியபோது செய்யாது விட்ட பொருள் அது. அருமையும் பெருமையும் அவ்வாறு பிறந்தன.

இனி நிபுணன் என்ன செய்கிறான் என்று பார்ப்போம். அவன் கிற்றாரை வாசித்துப் பார்ப்பதற்கு முன் கழற்றிப் பார்க்கிறான்.

பென்டர் கிற்றாரின் கழுத்தைக் கழற்றினால் அதன் அடிப்பகுதியிலே மாதமும் ஆண்டும் பென்சிலால் எழுதப்பட்டிருப்பதைக் காணலாம். 1962 முதல் பென்சிலுக்குப் பதில் முத்திரை வந்தது. இது கழுத்து முடிந்த நாளே அன்றிக் கிற்றார் பிறந்த நாளன்று. கழுத்துக்கும் உடலுக்கும் சில மாத வேறுபாடு இருந்தால் அஞ்சவேண்டியதில்லை. பல ஆண்டு வேறுபாடு இருந்தாற்றான் இரண்டும் உடன்பிறப்புக்கள் அல்ல என்று ஐயுறவேண்டும். கழுத்தின் மரமும் பேசும். 1959இன் நடுப்பகுதி வரை ஸ்ராற்றோகாஸ்ரரின் கழுத்து முழுவதும் மேப்பிள் மரம். மெட்டுக்கள் அம்மரத்திலேயே பதிக்கப்பட்டன. அதன் பின்னரே கரும்பழுப்பு நிற றோஸ்வூட் பலகை மேலே ஒட்டப்பட்டது. ‘1956ஆம் ஆண்டினது’ என்று விற்பவன் றோஸ்வூட் விரற்பலகையைக் காட்டினால், அவனிடம் மேற்கொண்டு கதைப்பதிற் பயனில்லை.

அடுத்து வொலியூம் கொன்ரோல். நாம் வானொலிப் பெட்டியிலே திருகும் அதே உறுப்புத்தான் கிற்றாரிலும் இருக்கிறது. அதன் முதுகிலே ஓர் இலக்க வரிசை குத்தப்பட்டிருக்கும். 304 6320 என்றிருந்தால், 304 என்பது ஸ்ராக்போல் என்னும் உற்பத்தியாளரையும், 63 என்பது 1963ஐயும், 20 என்பது அவ்வாண்டின் இருபதாம் வாரத்தையும் குறிக்கும். கிற்றார் வியாபாரத்தைக் கனவிலும் எண்ணாத யாரோ ஒரு தொழிலாளி, மின்னுறுப்புக் கணக்குக்காகக் குத்திய எண் அது. அதனாற்றான் அதற்கு மதிப்பு. ஆனால் அதனிடம் அளவறிந்தே கேள்வி கேட்கவேண்டும். 1963இன் இருபதாம் வாரத்திற்கு முன் இந்தக் கிற்றார் முடிந்திருக்கமுடியாது என்பதையே அது நிச்சயமாகச் சொல்லும். அதன்பின் எப்போது என்பதைச் சொல்லாது. 1966இலே பென்டர் பெருந்தொகையாக வாங்கிக் குவித்த கொன்ரோல்கள் பின்வந்த ஆண்டுகளிலும் பாவிக்கப்பட்டன. எனவே 1968ஆம் ஆண்டுக் கிற்றாரில் 1966 எனக் கண்டால் வியப்பில்லை. 1964ஆம் ஆண்டுக் கிற்றாரில் 1966 எனக் கண்டாலோ, ஒன்றில் உறுப்பு மாறியிருக்கிறது அல்லது கதை மாறியிருக்கிறது. கல்வெட்டு ஒன்றிலே பிற்கால மன்னன் பெயர் வந்தால் அக்கல்வெட்டு அவனுக்கு முற்பட்டதன்று என்று கொள்ளும் அதே நியாயந்தான் இது.

ஈயப்பற்றையும் நிபுணன் விடமாட்டான். கம்பியை ஒருமுறை ஒட்டிய ஈயம் ஒருவிதமாக உறைந்திருக்கும். கழற்றி மீண்டும் ஒட்டிய இடம் வேறுவிதமாக மினுங்கும். உறுப்புக்கள் எல்லாம் சரியான ஆண்டினவாக இருக்க, ஈயம் மட்டும் புதிதாக இருந்தால், சரியான ஆண்டு உறுப்புக்களை யாரோ தேடித் தேடிச் சேர்த்திருக்கிறார்கள் என்பது வெளிப்படும்.

பின்னர் வர்ணம். அக்காலத்து மெருகு நைற்றோசெலுலோஸ் என்னும் வகையைச் சேர்ந்தது. அது மிக மெல்லியது. மரத்தோடு சேர்ந்து சுருங்கி விரிந்து, நாளடைவில் மயிரிழை போன்ற வெடிப்புக்களைத் தரும். வெப்பக் காற்றிலும் குளிர்பெட்டியிலும் மாறிமாறி வைத்து இவ்வெடிப்பைப் போலியாக வரவழைப்போர் உண்டு. சவர அலகால் கீறுவோரும் உண்டு. அவர்கள் கீற்று நேர்கோடாய் ஓடித் தன்னைத்தானே காட்டிக்கொடுக்கும். இருட்டறையில் ஊதா கடந்த கதிரின்கீழ் வைத்தால் பழைய மெருகு பசுமஞ்சளாய் ஒளிரும். பின்னால் தடவியது வேறு நிறங் காட்டும். கிப்சன் கிற்றார்களின் தலைப்பகுதி பின்சாய்ந்திருப்பதால் விழுந்தால் கழுத்து முறிவது வழக்கம். பகல் வெளிச்சத்தில் தெரியாதபடி ஒட்டி மெருகிட்ட முறிவையும் இக்கதிர் அம்பலமாக்கிவிடும்.

பென்டர் தொழிற்சாலையிலே 1960களின் நடுப்பகுதி வரை இன்னொரு வழக்கமும் இருந்தது. உடற்பலகைக்கு வர்ணம் பூசி உலரவிடுகையில் அது நிலத்திலே முட்டாதிருக்கச் சிறு ஆணிகளை அடித்து அவற்றின்மீது நிறுத்தினார்கள். உலர்ந்தபின் ஆணிகள் பிடுங்கப்பட்டன. அத்துளைகளுக்குள் வர்ணம் இராது. மறுவர்ணம் பூசியவன் அதை அறியாது துளையையும் நிரப்பிவிடுவான். கைவினைஞனின் அவசர வேலையொன்று, அறுபது ஆண்டுகளின்பின் நீதிமன்றச் சாட்சியாக வந்து நிற்கிறது.

தேய்வும் ஒரு மொழியே. வாசிப்பவனின் முழங்கை படும் விளிம்பு, இடைப்பட்டி உரசும் முதுகு, பெருவிரல் ஓடும் கழுத்தின் பின்புறம் என்று மெய்யான தேய்வுக்கு ஓர் ஒழுங்குண்டு. போலித் தேய்வு பார்ப்பவன் கண்ணுக்காக உண்டாக்கப்பட்டது. ஆதலால் கை எட்டாத இடத்திலும் அது இருக்கும். லெஸ் போலின் செம்மஞ்சளிலே அக்காலச் சிவப்புச் சாயம் வெளிச்சத்தில் வெளிறும் தன்மையது. கடைக் கண்ணாடி முன்னால் தொங்கியது எலுமிச்சை நிறமாயிற்று; பெட்டிக்குள் உறங்கியது சிவந்தே இருக்கிறது. பிக்கப்பைச் சுற்றியுள்ள பிளாஸ்ரிக் சட்டத்தைக் கழற்றினால் அடியிலே வெயில் காணாத ஆதி நிறம் தெரியவேண்டும். மேலும் கீழும் ஒரே நிறமாயிருந்தால், வெயில் செய்த வேலையன்று அது, மனிதன் செய்தது.

நேயர்களே, இதுவரை சொன்ன சாட்சிகளிலே தனித்து நின்று வழக்கை வெல்லக்கூடியது எதுவுமில்லை. ஒன்றோடொன்று தொடர்பில்லாத பத்துச் சாட்சிகள் ஒரே கதையைச் சொல்வதிற்றான் உண்மை தங்கியிருக்கிறது. பென்சிலில் எழுதியவன், கொன்ரோலில் குத்தியவன், ஆணி அடித்தவன், வெயிலில் தொங்கவிட்டவன், வாசித்துத் தேய்த்தவன் யாவரும் கூடிப் பேசி வைத்துச் சொன்ன பொய் அன்று அது. எவரும் எதிர்காலத்துக்காகச் சாட்சி விடவில்லை. விடாததனாலேயே அது நம்பத்தக்கது.

இதற்கு ஓர் அரிய எடுத்துக்காட்டு உண்டு. 1965 ஜூலை 25ஆம் நாள், நியூபோர்ட் நாட்டார் இசைவிழாவிலே பொப் டிலன் மின்கிற்றாரோடு மேடையேறினார். நாட்டார் பாடகன் மின்னிசைக்குப் போனான் என்று சிலர் கூச்சலிட்டனர். அமெரிக்க இசை வரலாற்றில் ஒரு திருப்பமாக அந்நாள் கருதப்படுகிறது. அக்காலத்தில் தனியார் விமானமொன்றில் மறந்து விடப்பட்ட ஒரு கிற்றார் அவ்விமானியின் வீட்டு மேல்மாடத்திற் பல தசாப்தங்கள் கிடந்தது. 2012இலே அவரது மகள் அது டிலனின் கிற்றார் என்று கூறி அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்றின் உதவியை நாடினார். டிலனின் சட்டத்தரணி அதனை மறுத்தார். நியூபோர்ட் கிற்றார் டிலனிடமே உள்ளது என்றார்.

வாத்திய நிபுணர் அன்டி பாபியுக் என்ன செய்தார்? விழாவிலே எடுக்கப்பட்ட வர்ணப் படங்களைப் பெருப்பித்து, றோஸ்வூட் விரற்பலகையின் இரேகைகளைக் கையிலிருந்த கிற்றாரின் இரேகைகளோடு ஒப்பிட்டார். இரு மனிதருக்கு ஒரே கைரேகை அமையாததுபோல இரு பலகைகளுக்கு ஒரே மர இரேகை அமைவதில்லை. படத்திலுள்ள கோடுகளும் பலகையிலுள்ள கோடுகளும் ஒன்றுக்கொன்று பொருந்தின. பின்னர் இரு தரப்பினரும் இணக்கத்துக்கு வந்தனர். 2013 டிசம்பரிலே கிறிஸ்ரி ஏலத்தில் அக்கிற்றார் 9 இலட்சத்து 65 ஆயிரம் டொலருக்கு விற்கப்பட்டது. மேடையிலிருந்த பாடகனைப் படம்பிடித்த புகைப்படக்காரர் மரத்தையும் சேர்த்தே படம்பிடித்தார் என்பதை அன்று யார் அறிந்தார்?

எல்லாம் இப்படித் தெளிவாக முடிவதில்லை. ‘அசல்’ என்ற சொல்லே சில வேளை நம்மைக் கைவிடுகிறது. எரிக் கிளப்ரன் 1970இலே நாஷ்வில் நகர்க் கடையொன்றில் பழைய ஸ்ராற்றோகாஸ்ரர்கள் ஆறினை வாங்கினார். மூன்றை நண்பர்களுக்குக் கொடுத்தார். எஞ்சிய மூன்றிலும் நல்ல உறுப்புக்களைத் தேர்ந்து ஒன்றாகப் பூட்டினார். ‘பிளாக்கி’ எனப் பெயர்பெற்ற அக்கிற்றாரையே பல்லாண்டு வாசித்தார். நாம் மேலே கண்ட சோதனைகளின்படி அது தோல்வியடையவேண்டும். ஏனெனில் அதன் உறுப்புக்கள் உடன்பிறந்தவையல்ல. ஆயினும் 2004இலே கிறிஸ்ரி ஏலத்தில் அது 9 இலட்சத்து 59 ஆயிரத்து 500 டொலர் பெற்றது. தொழிற்சாலையின் அசல் அன்று அது, கலைஞனின் அசல். இரண்டும் வெவ்வேறு உண்மைகள். எதனை விற்கிறோம் என்று தெளிவாகச் சொன்னால் இரண்டும் மெய்யே. ஒன்றின் பெயரால் மற்றதை விற்றாலே அது போலியாகிறது.

இவ்வேறுபாடு மறக்கப்பட்டதனால் விளைந்த கேடு சிறிதன்று. 1952 முதல் 1957 வரை பிறந்த பொன்னிற லெஸ் போல்கள் தாமே வரலாற்றுப் பொருள்கள். அவற்றின் பொன்னிறத்தைச் சுரண்டி, செம்மஞ்சள் பூசி, விலைகூடிய 1959ஆம் ஆண்டு வேடம் புனைவிக்கும் தொழில் நெடுங்காலமாக நடந்து வந்துள்ளது. அதனைச் செய்பவர் ‘மாற்றப்பட்டது’ என்று சொல்லியே விற்கலாம். இரண்டாவது, மூன்றாவது கைக்குப் போனபின் அச்சொல் தொலைந்துபோகிறது. ஓர் உண்மையை அழித்து இன்னோர் உண்மையின் நிழலைச் செய்கிறார்கள். பழைய உரையைச் சுரண்டி அதன்மேல் புகழ்பெற்ற உரையாசிரியன் பெயரை எழுதியதற்கு இது ஒப்பாகும்.

1995 முதல் பென்டர் நிறுவனமே புதுக் கிற்றாரைத் தேய்த்து, கீறி, துருவேற்றிப் ‘பழையது போன்றது’ என்று விற்றுவருகிறது. ‘றெலிக்’ என்பது அதன் பெயர். அதனைப் போலி என்று சொல்லலாகாது. பெயரும் ஆண்டும் ஒளிக்கப்படவில்லை. 1970களில் யப்பானியத் தொழிற்சாலைகள் தங்கள் பெயரையே பொறித்துச் செய்த ஒப்புக் கிற்றார்களும் போலியல்ல, பிரதிகள். 1977இலே கிப்சனின் உரிமைக் கம்பனி தலைப்பகுதியின் வடிவம் பற்றி வழக்குத் தொடுத்தது வேறு விடயம். தன்னுடையதல்லாத பெயரைத் தாங்கி வருவதே போலி. அத்தகைய போலிக் கிப்சன்கள் 3,000க்கு மேல் கலிபோர்னியத் துறைமுகத்திற் கைப்பற்றப்பட்டதாக 2024இலே அமெரிக்கச் சுங்கப் பகுதியினர் அறிவித்தனர்.

இக்கலையிலே உள்ள இடர் ஒன்றையும் சொல்லாமல் விடமுடியாது. 1970இல் நாஷ்வில்லில் கடை திறந்த ஜோர்ஜ் குறூன், 1991இலே வோல்ரர் கார்ட்டருடன் சேர்ந்து பழைய கிற்றார்களின் அடையாளங்களை நூலாக்கினார். வாங்குவோர் கண் திறந்தது. போலி செய்வோர் கையிலும் அதே நூல் இருந்தது. எந்த ஆண்டில் எந்தத் திருகாணி என்று இருவரும் படித்தனர். ஆகவே அறிவு வளர வளரச் சாட்சி நுணுகிக்கொண்டே போகவேண்டியதாயிற்று. பெயரில் தொடங்கியது இலக்கத்துக்குப் போனது. இலக்கத்திலிருந்து மின்னுறுப்புக்கு, அதிலிருந்து ஈயத்துக்கு, இறுதியில் மரத்தின் இரேகைக்கு வந்து நிற்கிறது. 1992 முதல் பிரேசில் றோஸ்வூட்டின் சர்வதேச வியாபாரம் மிகக் கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டுள்ளதால், பழைய மரத்தைத் தேடுவதும் போலிக்காரனுக்கு எளிதன்று. ஆயினும் பழைய தளபாடத்தை உடைத்து மரம் எடுப்பவனை எந்தச் சட்டம் தடுக்கும்?

இத்தனையும் செல்வந்தரின் விளையாட்டு என்று ஒதுக்கிவிடவேண்டாம். ஏலத்திலே ஏமாறும் செல்வந்தனுக்குச் சட்டத்தரணி உண்டு. இசையிலே ஆசைகொண்டு, பல ஆண்டுச் சேமிப்பைக் கொண்டுவந்து, ‘நல்ல பழைய கிற்றார் தம்பி’ என்ற ஒரு வார்த்தையை நம்பிக் கொடுத்துவிட்டுப் போகும் இளைஞனுக்கு யார் உண்டு? அவனுக்கு நாம் சொல்லக்கூடியது இவ்வளவே. விற்பவன் சொல்லும் கதையைக் கேள். ஆனால் கதையை வாங்காதே. கழுத்தைக் கழற்றிக் காட்ட மறுப்பவனிடம் வாங்காதே. ஓர் அடையாளம் பொருந்தியதென்று மகிழாதே. பொருந்தாத ஒன்றைத் தேடு. எது மாறியிருக்கிறது என்று நேரே கேள். ‘பிருடை மாற்றியது, ஒரு பிக்கப் புதியது, முதுகில் மறுமெருகு’ என்று விபரஞ் சொல்பவன், ‘எல்லாம் அசல்’ என்பவனிலும் பெரும்பாலும் மேலானவன்.

நல்ல பதிப்பாசிரியன் பாடபேதத்தை அழிப்பதில்லை; அடிக்குறிப்பிலே எழுதி வைக்கிறான். இந்த ஏட்டில் இவ்வாறு, அந்த ஏட்டில் அவ்வாறு, நான் இதனைக் கொண்டேன் என்று சொல்லிவிடுகிறான். அதனால் அவன் பதிப்பின் மதிப்புக் குறைந்ததுண்டா? கிற்றாரும் அவ்வாறே. அறுபது, எழுபது ஆண்டு உழைத்த வாத்தியத்தில் ஏதேனும் மாறாதிருந்தாற்றான் அதிசயம். மாறியது குற்றமன்று, மாறியதை மறைத்ததே குற்றம். கழற்றிய பழைய திருகாணியையும் கருகிய கம்பியையும் ஒரு சிறு பையிலிட்டு, எந்த ஆண்டில் யார் மாற்றினார் என்று துண்டெழுதி, கிற்றார்ப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் போகும் திருத்துநர்கள் சிலர் உண்டு. வருங்காலத்து நிபுணன் அவர்களுக்கே முதலில் நன்றி சொல்வான்.